பேரிங் கடைக்காரருக்குத் தெரிந்த சேதி

ஏப்ரல், மே வந்தால் கணபதியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஆள் நடமாட்டம் கூடிவிடும். கடைசி செமஸ்டர் முடித்த பிள்ளைகள் கையில் பிளாஸ்டிக் ஃபைலோடு வருவார்கள். பின்னால் தயங்கித் தயங்கி ஒரு அப்பாவோ மாமாவோ. ஃபைலைத் திறந்தால் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் தொடங்கி டைப்ரைட்டிங் லோயர் வரை லேமினேஷன் செய்து அடுக்கியிருக்கும். "இத்தனையும் இருக்குதுங்க, ஒரு எடத்துலயும் கூப்புட மாட்டேங்கறாங்க" என்பார் அப்பா. நான் பிள்ளையைப் பார்த்து ஒரு கேள்விதான் கேட்பேன்: "உனக்கு எந்தக் கம்பெனியில யாரைக் கண்ணு தெரியும்?" பிள்ளை அப்பாவைப் பார்க்கும். அப்பா என்னைப் பார்ப்பார். "உங்களத்தானுங்க தெரியும்."

முப்பத்தெட்டு வருடம் மெஷின் ஷாப்பிலும் மெயின்டெனன்ஸிலும் இருந்தவன் நான். கடைசி பதினைந்து வருடம் ஆள் எடுக்கும் நாற்காலியிலும் உட்கார்ந்திருக்கிறேன். திண்ணையில் திரும்பத் திரும்பச் சொன்னதைத்தான் இங்கே நம்பர் போட்டு எழுதுகிறேன். நம்பர் எனக்கு வரிசை தப்பாமல் இருப்பதற்கு மட்டும். எல்லாம் ஒரே எடை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

1. டிகிரியை யாராவது குறைத்துப் பேசினால் காதில் போட்டுக்கொள்ளாதே.

பட்டம் எதற்கு என்று மேடையில் கேட்பவர்களில் பாதிப் பேர் பட்டத்தால் மேடைக்கு வந்தவர்கள். டிகிரி இல்லாத பையனை டிரெய்னி இன்ஜினியர் வேலைக்கு நானே நினைத்தாலும் சொல்லிவிட முடியாது. அரியர் இருந்தால் இந்தக் கட்டுரையை மூடி வைத்துவிட்டு முதலில் அதை எழுதி முடி.

அரசு வேலை என்பது தனிக் கணக்கு. டிஎன்பிஎஸ்சி, ரயில்வே, வங்கி எல்லாம் பரீட்சை வழி. மத்திய அரசின் குரூப் சி பணிகளுக்கும், கெசட்டட் அல்லாத குரூப் பி பணிகளுக்கும் 2016 ஜனவரி 1 முதல் நேர்முகத் தேர்வே கிடையாது. அங்கே "எனக்கு ஆள் தெரியும்" என்று ஒருவன் சொன்னால் அவன் உன் அப்பாவின் நிலப் பத்திரத்தைப் பார்த்துக்கொண்டு பேசுகிறான் என்று அர்த்தம். நான் இங்கே சொல்வதெல்லாம் தனியார் வேலைக்கு. அதிலும் குறிப்பாக எனக்குத் தெரிந்த பட்டறை உலகத்துக்கு.

2. முதலாளியின் நாற்காலியில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்.

சின்னவேடம்பட்டிப் பக்கம் ஒரு பட்டறை என்று வைத்துக்கொள். கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் நாலு விஎம்சி மெஷின், இருபது, இருபத்தைந்து ஆட்கள். முதலாளிதான் பர்ச்சேஸ், முதலாளிதான் ஹெச்.ஆர். கணக்கை அவர் வீட்டுக்காரம்மா பார்க்கிறார். ஒரு புரோகிராமர் வேண்டும் என்று ஆன்லைனில் போடுகிறார். இரண்டு நாளில் முந்நூறு ரெஸ்யூம் வருகிறது. முந்நூறிலும் "சவாலான பணியைத் தேடுகிறேன்" என்று ஒரே வரி, ஒரே சீனியர் கொடுத்த ஒரே ஃபைலில் பெயரை மட்டும் மாற்றியது போல. இதில் யார் எப்படி என்று அவர் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்?

அவர் பயம் என்னவென்று சொல்கிறேன். டூலின் நீளத்தை மெஷினில் ஏற்ற வேண்டும். சில கன்ட்ரோலர்களில் 150 என்று அடித்து, பின்னால் புள்ளி வைக்காமல் விட்டால், மெஷின் அதை 150 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்ளாது. 150 மைக்ரான் என்று எடுத்துக்கொள்ளும். டூலே இல்லை என்று நினைத்து ஸ்பிண்டில் முழு வேகத்தில் கீழே இறங்கும். அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்டவன் மறக்க மாட்டான். ஸ்பிண்டில் பேரிங் போய்விடும், சர்வீஸ் இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டு லட்சத்தில் ஒரு தொகை சொல்வார், மெஷின் வாரக்கணக்கில் நிற்கும், பேங்க் தவணை மட்டும் நிற்காது. எல்லாம் ஒரு புள்ளியால்.

ஆகவே அவர் முந்நூறு ரெஸ்யூமையும் அப்படியே விட்டுவிட்டு ஃபோர்மேனைக் கூப்பிடுகிறார். "தெரிஞ்ச பையன் யாராச்சும் இருக்கானாப்பா?" அந்த "தெரிஞ்ச" என்ற சொல்லுக்குள் எத்தனை கேள்வி இருக்கிறது பார். புரியாததைப் புரியவில்லை என்று சொல்வானா? தப்பு செய்தால் மறைப்பானா? ஷிஃப்டுக்கு நேரத்துக்கு வருவானா? இதற்கெல்லாம் மார்க் ஷீட்டில் கட்டம் கிடையாது. கூட இருந்து பார்த்த ஒருவர் வாயால் சொன்னால்தான் உண்டு. முதலாளி கெட்டவர் இல்லை, பயந்தவர். அவர் பயத்தைக் குறைக்கிற ஆளுக்குத்தான் வேலை.

கோயம்புத்தூரில் இது கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தது, பஞ்சு மில்கள் பெருகின. மில்லுக்கு ரிப்பேர் பார்த்த பட்டறைகள் மெல்ல மெல்ல பம்பு, மோட்டார், காஸ்டிங் என்று இறங்கின. ஒரு பட்டறையில் வேலை கற்றவர் வெளியே வந்து தனியாக ஒரு லேத் போடுவார். அவரிடம் கற்றவர் இன்னொரு லேத். இன்றைக்கு இருக்கும் முதலாளிகளில் பலர் ஒரு காலத்தில் யாரோ ஒருவரின் டிரெய்னி. அதனால் இந்த ஊரில் ஆள் விசாரிப்பது என்பது, பெண் பார்ப்பதற்கு விசாரிப்பது போல ஊர்ப் பழக்கமாகவே ஆகிவிட்டது.

3. சிபாரிசு வேறு, அறிமுகம் வேறு.

இதைக் கற்றுக்கொள்ள நான் ஒரு டீ கிளாஸுக்குக் கடன்பட்டிருக்கிறேன். 1983. என் அப்பா ஸ்பின்னிங் மில்லில் சைடராக வேலை பார்த்தார். வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. எட்டு மாதம் வேலை கிடைக்கவில்லை. அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் எங்கேயோ அலைந்து கட்சிப் பிரமுகர் ஒருவரிடம் கடிதம் வாங்கி வந்தார். லெட்டர் பேடில் பச்சை மையில் கையெழுத்து. இஸ்திரி போட்ட சட்டைப்பையில் அதை மடிக்காமல் வைத்துக்கொண்டு பீளமேட்டுப் பக்கம் ஒரு பெரிய கம்பெனிக்குப் போனேன்.

ஒர்க்ஸ் மேனேஜர் கடிதத்தைப் படித்தார். மேஜையில் வைத்தார். அப்போது பையன் டீ கொண்டு வந்தான். மேனேஜர் கிளாஸை அந்தக் கடிதத்தின் மேலேயே வைத்தார். வேண்டுமென்றே வைத்தாரா, கைபோன போக்கில் வைத்தாரா என்று இன்றுவரை தெரியாது. பச்சை மை வட்டமாகக் கசிந்தது. பிறகு டிராயரிலிருந்து ஒரு பின்னையும் மைக்ரோமீட்டரையும் எடுத்துக் கொடுத்து, "அளந்து சொல்லுப்பா" என்றார். நான் 12.37 என்றேன். அவர் வாங்கிப் பார்த்து, "12.87" என்றார். ஸ்லீவில் அரை மில்லிமீட்டர் கோடு ஒன்று தலைகாட்டியிருந்தது. அதை நான் கவனிக்கவில்லை. புதுசாக அளக்கிறவன் எல்லோரும் செய்யும் தப்புதான். ஆனால் பட்டத்தையும் கடிதத்தையும் கொண்டு போனவன் செய்யக்கூடாத தப்பு.

வெளியே வந்து ஹோப் காலேஜ் ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நின்றேன். அந்தப் பெயருக்கும் நம்பிக்கைக்கும் சம்பந்தமில்லை. ஆர்தர் ஹோப் என்ற கவர்னர் பெயரில் 1945-ல் தொடங்கிய கல்லூரி அது. பிற்பாடு தடாகம் ரோட்டுக்குப் போய் அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஆயிற்று. ஸ்டாப்புக்கு மட்டும் பெயர் நின்றுவிட்டது. அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. பெயர்ப் பலகையைப் பார்த்து எரிச்சல்தான் வந்தது.

அந்தப் பிரமுகர் என்னைப் பார்த்ததே இல்லை. நான் அரம் பிடிப்பதை, ஸ்பேனர் பிடிப்பதைப் பார்த்ததில்லை. என்னைப் பற்றிச் சொல்ல அவரிடம் ஒன்றுமே இல்லை. தன்னைப் பற்றி மட்டும்தான் இருந்தது. அதுதான் சிபாரிசு. வாங்குகிறவனுக்கு அது ஒரு மிரட்டல் போலப் படும். "இந்தப் பையன் பத்து நாள் என்கூட நின்னான், கை சுத்தம், கேள்வி கேப்பான், பாத்துக்கங்க" என்று ஒரு ஃபிட்டர் சொன்னால் அது அறிமுகம். பச்சை மைக்கு இல்லாத மதிப்பு அந்த ஃபிட்டர் சொல்லுக்கு உண்டு.

ஐ.டி. கம்பெனிகளில் இதையே முறைப்படுத்தி ரெஃபரல் என்று வைத்திருக்கிறார்கள். உள்ளே இருப்பவர் உன் ரெஸ்யூமைப் போட்டு, நீ சேர்ந்துவிட்டால், பல இடங்களில் அவருக்குப் போனஸ் கிடைக்கும். ஆக, கேட்பதில் கூச்சம் வேண்டாம், அவருக்கும் லாபம்தான். ஆனால் ரெஃபரல் செய்வது உன் ரெஸ்யூமைத் திறக்க வைப்பது வரைக்கும். உள்ளே போய் அளக்க வேண்டியது நீதான்.

4. நெருங்கிய சொந்தத்தை விட, அரைகுறையாகத் தெரிந்தவர் அதிகம் உதவுவார்.

இதை யாரும் முதலில் நம்புவதில்லை. நானும் நம்பியிருக்க மாட்டேன், எனக்கே நடந்திராவிட்டால்.

டீ கிளாஸ் சம்பவத்துக்குப் பிறகு ஒரு சின்ன லேத் பட்டறையில் தினக்கூலிக்கு நின்றேன். அப்பாவுக்குத் தெரியாது, தெரிந்தால் டிகிரி படித்தவன் கூலிக்கா என்று நொந்திருப்பார். பட்டறைக்குச் சாமான் வாங்க வாரம் இரண்டு தடவை காந்திபுரத்தில் ஒரு பேரிங் கடைக்குப் போவேன். கவுன்ட்டரில் இருந்தவருக்கு என் பெயர்கூடச் சரியாகத் தெரியாது. "6205 ரெண்டு" என்று கேட்கிற பையன், அவ்வளவுதான். பழைய பேரிங்கைத் துடைத்து நம்பர் தெரிகிற மாதிரி கொண்டு போவேன், அதனால் அவருக்கு என்மேல் ஒரு பிரியம். மற்றவர்கள் கிரீஸோடு மேஜையில் வைப்பார்கள்.

ஒருநாள் பில் போட்டுக்கொண்டே சொன்னார்: "தம்பி, நீங்க படிச்ச பையன்தானுங்களே? குறிச்சிப் பக்கம் ஒரு கம்பெனி, இந்த மாசம் மட்டும் மூணு வாட்டி பெரிய சைஸ் பேரிங்கா அள்ளிட்டுப் போறாங்க. புதுசா லைன் போடறாங்களாட்ட இருக்குது. போயி மெயின்டெனன்ஸ் ஃபோர்மேனைப் பாருங்க, நாஞ் சொன்னேன்னு சொல்லுங்க." பேப்பரில் விளம்பரம் வர இன்னும் ஒரு மாதம் இருந்தது. நான் மறுநாள் காலை ஏழரை மணிக்குக் கேட்டில் நின்றேன். அதற்குள் மைக்ரோமீட்டர் பார்க்கக் கற்றிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் என்மேல் உயிர். ஆனால் அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் எனக்கும் தெரிந்த அதே மில், அதே தெரு. பேரிங் கடைக்காரருக்கு என்மேல் பெரிய பாசமெல்லாம் கிடையாது. ஆனால் நகரத்தின் பாதிக் கம்பெனிகளில் எந்த மெஷின் ஓடுகிறது, எது நிற்கிறது, எங்கே ஷெட் எழும்புகிறது என்பது அவர் பில் புக்கில் இருந்தது.

சமூகவியல் படித்த என் மகள் இதைக் கேட்டுச் சிரித்தாள். "அப்பா, இதுக்குப் பேரே வச்சுட்டாங்க" என்றாள். மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர், பாஸ்டனுக்குப் பக்கத்தில் நியூட்டன் என்ற ஊரில், வேலை மாறியவர்களிடம் போய் எப்படி வேலை கிடைத்தது என்று விசாரித்தாராம். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் நூற்றுக்குப் பதினேழு பேர்தான். எப்போதாவது என்றவர்கள் ஐம்பத்தாறு, வருடத்துக்கு ஒரு தடவை பார்த்தாலே அதிகம் என்றவர்கள் இருபத்தெட்டு. 1969-ல் அவர் எழுதி அனுப்பிய கட்டுரையை ஒரு பத்திரிகை திருப்பி அனுப்பிவிட்டது. 1973-ல் வேறொன்றில் வந்தது. இன்றைக்கு அந்தத் துறையில் அதிகம் எடுத்துக்காட்டப்படும் கட்டுரைகளில் அது ஒன்று என்றாள் மகள். (திருப்பி அனுப்பப்பட்ட ரெஸ்யூமைக் கட்டி அழுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.)

2022-ல் லிங்க்ட்இன்னில் இரண்டு கோடிப் பேரை வைத்துச் செய்த ஆய்வும் ஏறக்குறைய இதையே சொன்னதாம், ஒரு திருத்தத்தோடு. முற்றிலும் தெரியாதவரும் இல்லை, உயிர் நண்பரும் இல்லை, நடுவாந்தரமாகத் தெரிந்தவர்தான் அதிகம் உதவுகிறார். அதுவும் கம்ப்யூட்டர் சார்ந்த தொழில்களில். மற்றத் தொழில்களில் நெருங்கிய பழக்கத்துக்கு இன்னும் மவுசு இருக்கிறது. எனக்கு இது சரியாகத்தான் படுகிறது. சேதி பேரிங் கடையிலிருந்து வந்தது. ஆனால் பிறகு நான் வேலைக்கு எடுத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஃபோர்மேன் கூட இருந்து பார்த்தவர்கள்.

5. வீட்டில் யாரும் இல்லாதவன் கடையில், பட்டறையில், லேபில் ஆள் சேர்க்க வேண்டும்.

சித்தப்பா கம்பெனி மேனேஜர் என்றால் உனக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. எனக்கு எழுதத் தோன்றுவதெல்லாம் மற்றவர்களுக்குத்தான். ஒளித்துப் பேச எனக்கு வயசில்லை: இங்கே "தெரிஞ்ச ஆள்" என்பது பல இடங்களில் "நம்ம ஆள்" என்று மாறிவிடுகிறது, "நம்ம" என்பதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். ஊர் கேட்டு, குலசாமி கேட்டு, கடைசியில் பையனின் பிராக்டிகலைக் கேட்காமலே அனுப்பிய இன்டர்வியூக்களில் நானும் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். எதிர்த்துப் பேசியது பாதித் தடவைதான். அதை மாற்ற நான் ஒரு வழியும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அந்தக் கதவுக்குப் பக்கத்தில் இன்னொரு கதவு உண்டு, வேலையைப் பார்த்து உண்டாகும் பழக்கம். அதை நாமே செய்துகொள்ள வேண்டியதுதான்.

எங்கே? கல்லூரியில் முதலில் லேப் அசிஸ்டன்டைப் பிடி. புரொபசரை எல்லோரும் பிடிக்கிறார்கள். ஒர்க்‌ஷாப்பில் நீல நிறச் சட்டையில் நிற்கிறார்களே, அவர்களில் பலபேர் ஒரு காலத்தில் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். பழைய கூட்டாளிகள் இன்றைக்கு ஃபோர்மேன்கள். அடுத்து இரண்டு வருட சீனியர்கள். பத்து வருட சீனியர் உன்னை மறந்திருப்பார். இரண்டு வருடத்தவனுக்கு உன் முகம் ஞாபகம் இருக்கும், கம்பெனியில் எந்தப் பிரிவில் ஆள் குறைச்சல் என்பதும் தெரியும். கொடிசியா வளாகத்தில் இன்டெக் இயந்திரக் கண்காட்சி நடக்கும்போது பேனாவும் பையும் வாங்கப் போகாதே. காலையில் கதவு திறந்த முதல் ஒரு மணி நேரம் ஸ்டால்காரர்கள் சும்மா நிற்பார்கள். ஒரு மெஷின் முன்னால் நின்று உண்மையாகவே தெரியாத ஒன்றைக் கேள். அப்ரன்டிஸ் சட்டம் 1961-ல் வந்தது. டிகிரி முடித்தவர்களுக்கும் அதில் ஒரு வருடப் பயிற்சிக்கு வழி இருக்கிறது, தென் மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. உதவித்தொகை கம்மி என்று ஒதுக்குகிறார்கள். ஒரு வருடம் முழுக்க உன் வேலையை நாற்பது பேர் பார்க்கப்போகிறார்களே, அதற்கு என்ன விலை?

பெண் பிள்ளைகளுக்கு இது இரட்டைக் கஷ்டம். பாதிப் பழக்கம் டீக்கடையிலும் ஷிஃப்ட் முடிந்த பிறகு பைக் ஸ்டாண்டிலும் உண்டாகிறது. அங்கே அவர்கள் நிற்க முடிவதில்லை. அதற்கு எனக்குத் தெரிந்த ஒரே பதில், பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து இன்பிளான்ட் டிரெய்னிங் வந்த ஒரு பெண். இரண்டு வாரம்தான். மற்ற ஐந்து பேரும் போனை நோண்டிக்கொண்டிருக்க, இந்தப் பெண் ரிஃப்ராக்டோமீட்டரை வாங்கி, ஆறு மெஷினின் கூலன்டையும் தினம் காலையில் சொட்டு விட்டுப் பார்த்து, நோட்டில் எழுதி வைத்தாள். இரண்டாவது திங்கட்கிழமை என்னிடம் வந்து, "சார், ரெண்டு மெஷின்ல மட்டும் திங்கக்கிழமை அழுகின முட்டை நாத்தம் வருதுங்க. ஞாயித்துக்கிழமை நிக்கறப்ப மேல எண்ணெய் படலம் மூடிக்குது. காத்து போகாம உள்ள கிருமி வளருதாட்ட இருக்குது. சனிக்கிழமை அந்த எண்ணெயை வழிச்சு எடுத்துட்டா என்னங்க சார்?" என்றாள். வருடக்கணக்காக அந்த நாற்றத்துக்கு நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தோம்.

அவள் ஒருவரிடமும் வேலை கேட்கவில்லை. அடுத்த வருடம் குவாலிட்டியில் ஒரு இடம் காலியானபோது சூப்பர்வைசரே கேட்டார்: "அந்தக் கூலன்ட் பாப்பா நம்பர் யார்கிட்டயாச்சும் இருக்குதா?" கல்லூரிக்குப் போன் போட்டுத் தேடிப் பிடித்தோம்.

6. வேலை கேட்காதே, விஷயம் கேள்.

"சார், ஏதாச்சும் வேலை இருந்தா சொல்லுங்க" என்று மெசேஜ் அனுப்பினால், படிப்பவருக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. "கண்டிப்பா சொல்றேன் தம்பி" என்பார், அதோடு முடிந்தது. ஏதாச்சும் என்ற வார்த்தையில் எந்தக் கதவும் திறக்காது.

இப்படி எழுது: "வணக்கம் சார். நான் போன டிசம்பரில் உங்கள் கம்பெனிக்கு இண்டஸ்ட்ரியல் விசிட் வந்தேன். நீங்கள் கோர் ஷாப்பைக் காட்டினீர்கள். ஃபவுண்டரி குவாலிட்டிப் பக்கம் போக ஆசை. அதற்கு முதலில் மணல் சோதனை கற்றுக்கொள்ள வேண்டுமா, எக்ஸ்ரே மாதிரியான சோதனைகளைக் கற்றுக்கொள்ள வேண்டுமா? பத்து நிமிடம் பேச முடியுமா சார்?" இதற்குப் பதில் சொல்வது அவருக்கு எளிது. சொல்லப் பிடிக்கும் வேறு. அவர் சொன்னதைச் செய்து முடித்துவிட்டு ஒரு மாதம் கழித்து, "சார், நீங்கள் சொன்னபடி மணல் சோதனை கற்றேன்" என்று ஒரு வரி போடு. பத்தில் ஒன்பது பேர் இந்த இரண்டாவது மெசேஜைப் போடுவதில்லை.

குட் மார்னிங் படம் அனுப்புவது பழக்கம் வைத்துக்கொள்வதாகாது.

7. போன் நம்பரை மாற்றாதே.

மாற்றினால் எல்லோருக்கும் சொல். தெரியாத நம்பரிலிருந்து வந்தாலும் எடு. காலர் ட்யூனில் குத்துப்பாட்டு வேண்டாம். ஒரு நல்ல இடத்துக்கு மூன்று தடவை கூப்பிட்டு, ஸ்விட்ச் ஆஃப் என்று வந்து, நாலாவதாக வேறொரு பையனைக் கூப்பிட்டிருக்கிறேன். முதல் பையனுக்கு இது இன்றுவரை தெரியாது.

8. உனக்காக ஒருவர் தன் பெயரைக் கொடுத்தால், அது கடன்.

எங்கள் கம்பெனியில் ஃபோர்மேன் ஒருவர், கையில் வாட்ச் கட்டாமல் மெஷின் சத்தத்தை வைத்து நேரம் சொல்லுவார். பக்கத்துக் கம்பெனியில் கேட்டார்கள் என்று ஒரு பையனை அனுப்பிவைத்தார். பையன் மூன்றாவது வாரம் ஒரு வார்த்தை சொல்லாமல் பெங்களூர் போய்விட்டான். அங்கே சம்பளம் அதிகம், போனது தப்பில்லை. சொல்லாமல் போனதுதான் தப்பு. அந்தக் கம்பெனிக்காரர் டீக்கடையில் ஃபோர்மேனைப் பார்த்து, "உங்க பையன் நல்லா இருக்கானுங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். அதன் பிறகு நாலு வருடம் அந்த ஃபோர்மேன் யாரையும் எங்கேயும் சொல்லவில்லை. அந்த நாலு வருடத்தில் அவர் சொல்லால் சேர்ந்திருக்க வேண்டிய பிள்ளைகள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். அவர்களில் இரண்டு பேர் என் திண்ணையில் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள்.

போக வேண்டுமென்றால் போ. முதல் போன், உன்னைச் சேர்த்துவிட்டவருக்கு. இரண்டாவதுதான் ஹெச்.ஆருக்கு.

9. தெரிந்த ஆள் இருந்தால் கம்பெனியின் பின்பக்கமும் தெரியும்.

வேலை வாங்கித் தருவதற்கு மட்டும் ஆள் வேண்டும் என்று நினைக்கிறார்கள். வேண்டாத இடத்தில் மாட்டாமல் இருக்கவும் வேண்டும். சம்பளம் ஏழாம் தேதி வருகிறதா, இருபதாம் தேதி வருகிறதா? பி.எஃப். பிடிக்கிறார்களே, கட்டுகிறார்களா? (அடுத்த மாதம் பதினைந்தாம் தேதிக்குள் கட்ட வேண்டும். பன்னிரண்டு இலக்க யுஏஎன் நம்பரை வைத்து நீயே பாஸ்புக்கில் பார்க்கலாம்.) ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வார்களா? வருடத்துக்கு எத்தனை இன்ஜினியர் மாறுகிறார்கள்? இது எதுவும் வெப்சைட்டில் இருக்காது. செக்யூரிட்டிக்குத் தெரியும், கேன்டீன்காரருக்குத் தெரியும், ஆறு மாதத்துக்கு முன் விலகியவனுக்கு நன்றாகவே தெரியும். ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து முடிவு செய்யாதே. விலகியவனுக்குக் கசப்பு இருக்கும், உள்ளே இருப்பவனுக்குப் பயம் இருக்கும். இரண்டையும் கேட்டு நடுவில் பிடி.

10. பணம் கேட்டால் எழுந்து வா.

ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ், டிரெய்னிங் டெபாசிட், பேக்டோர், எந்தப் பெயரில் கேட்டாலும் சரி. பெரிய கம்பெனி ஆஃபர் லெட்டர் ஜிமெயில் முகவரியிலிருந்து வந்தால் அது ஆஃபர் லெட்டர் இல்லை. வெளிநாடு என்றால் ஏஜென்ட் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்திருக்கிறாரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் உச்சவரம்பு. "சொந்தக்காரர் மூலமா வந்தவர்ங்க, ஏமாத்த மாட்டார்" என்று நிலத்தை அடமானம் வைத்தவர்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு வீடு. அந்தச் சொந்தக்காரரும் ஏமாந்தவர்தான். அவரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி: இந்த ஆள் மூலமாகப் போய் வேலை பார்க்கும் ஒருவரோடு இப்போது என்னைப் பேச வைக்க முடியுமா?

11. உனக்கு ஆகாத சேதியை அடுத்தவனுக்குக் கொடு.

நீ மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கலில் ஆள் கேட்கிறார்கள் என்று காதில் விழுகிறது. கூடப் படித்தவனுக்குப் போன் போடு. காசா, பணமா? ஆறு மாதம் கழித்து அவன் வேலை செய்யும் இடத்திலிருந்து உனக்குப் போன் வரும். வராமலும் போகலாம். பேரிங் கடைக்காரருக்கு நான் திருப்பி ஒன்றும் செய்யவில்லை. முதல் சம்பளத்தில் ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு போனேன். சர்க்கரை இருக்குதுங்க என்று கவுன்ட்டர் பையன்களுக்குக் கொடுத்துவிட்டார்.

12. என்னைப் பார்க்க வருவதானால்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழிலிருந்து ஒன்பது வரை திண்ணையில்தான் இருப்பேன். லேமினேஷன் ஃபைல் வேண்டாம். கடைசியாக உன் கையால் செய்த ஏதாவது ஒன்றைக் கொண்டு வா. டிராயிங், புரோகிராம், பற்றவைத்த துண்டு, ரிப்பேர் செய்த மிக்ஸி மோட்டார், எதுவானாலும் சரி.

போன மாதம் சோமனூரிலிருந்து ஒரு பையன் வந்தான். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். தறிக்காகப் பக்கத்து லேத்தில் நின்று தானே கடைந்தது என்று ஒரு கன்மெட்டல் புஷ்ஷைப் பேப்பரில் சுற்றிக் கொண்டு வந்திருந்தான். அளவு சரியாக இருந்தது. விளிம்பில் விரலை ஓட்டினேன், பிசிர் இருந்தது. "பர் எடுக்கலையே கண்ணு" என்றேன். ஒன்றும் சொல்லாமல் சுற்றிக்கொண்டு போய்விட்டான். கோபித்துக்கொண்டான் போல என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு ஏழு மணிக்குக் கேட் சத்தம். அதே பேப்பர், அதே புஷ். விரலை ஓட்டினேன், வழுக்கிக்கொண்டு போனது. வருகிற புதன்கிழமை அவனை அரசூருக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். என்னிடம் டிரெய்னியாக இருந்த ஒருவர் அங்கே ஆறு மெஷின் போட்டிருக்கிறார்.